ஆனைமலை அடிவாரத்துல காய்ஞ்ச இலை மாதிரி உக்காந்திருந்த பறவை: பக்கியா, ஆந்தையா? குரலும் கேட்டுச்சு

காட்டுப்பாதை
எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஒரு பறவைய அடையாளம் சொல்லி குடுங்க. ஆனைமலை அடிவாரம், தேக்கு முடிஞ்சு ஈத்தை மூங்கில் புதரும் பிரம்பும் நெருக்கமா ஆரம்பிக்கிற இடம் (சரியான இடத்த வேணும்னேதான் சொல்லல). அனுமதி வாங்கி வனத்துறை வாச்சர் அண்ணன்கூட போயிட்டு சாயங்காலம் திரும்பி வர்றப்ப அவர்தான் கைய புடிச்சு நிறுத்தி காட்டினாரு, எனக்கு ரொம்ப நேரம் ஒண்ணுமே தெரியல, கொடியில சிக்கிக்கிட்டு நிக்கிற காய்ஞ்ச இலைக்கொத்துன்னுதான் நெனச்சேன், அப்புறம் அந்த இலைக்கு ரெண்டு கண்ணு கீறல் மாதிரி இருக்கறது தெரிஞ்சுது. செங்கல் பொடி கலர், மைனா அளவு இருக்கும், வாலு கொஞ்சம் நீளம். தரையில இருந்து ஒரு ஆள் ஒசரம்தான். நாங்க பாத்தப்ப மெதுவா தலைய மேல தூக்கி அப்படியே ஒறஞ்சு போச்சு. வெளிச்சம் ரொம்ப கம்மி, போட்டோ கலங்கலா வந்திருக்கு, போட்டிருக்கேன் பாருங்க.

கொஞ்சம் தள்ளி வந்தப்புறம் நல்லா இருட்டிருச்சு, அப்ப அந்தப் பக்கத்துல இருந்து ஒரு சத்தம். கீச்சுன்னு உரக்க ஆரம்பிச்சு அப்படியே கீழ எறங்கி, கடைசியில விக்கல் மாதிரி ரெண்டு மூணு தடவ வெட்டி நின்னுச்சு. போன்ல ரெக்கார்ட் பண்ணதுல சில்வண்டு சத்தம்தான் அதிகம், ஆனா உத்துக் கேட்டா இருக்கு. இது என்னங்க?

சோலைமந்தி
பக்கிக்குருவி (நைட்ஜார்னு சொல்ற ராத்திரிப் பறவை) தாங்க. அந்த மாதிரி இலைச்சருகு கலர்ல வேற என்ன இருக்கு. நம்ம பக்கம் காட்டுப் பக்கி, ஜெர்டன் பக்கி ரெண்டுமே உண்டு.

நிலவொளி
எனக்கு ஆந்தைன்னு தோணுது. ஓரியன்டல் ஸ்காப்ஸ்னு ஒரு சின்ன ஆந்தை, அதுல செம்பழுப்பு வகை ஒண்ணு இருக்குல்ல, அதுவும் பகல்ல இப்படித்தான் கண்ண கீறலாக்கிட்டு மரக்கட்டை மாதிரி ஒல்லியா நீண்டு உக்காரும். தலைய தூக்கி ஒறஞ்சு போச்சுன்னு சொல்றது அதோடதான் ஒத்துப் போகுது.

மலைமுகடு
தம்பி, போட்டோவ பெருசாக்கிப் பாத்தேன், எனக்கு ஒரு எண்ணம் இருக்கு, ஆனா அத சொல்றதுக்கு முன்னாடி சில கேள்வி. கலர விட்டுருங்க, கலர் இந்தக் கூட்டத்துலயே நம்ப முடியாத விஷயம், பக்கியிலயும் செம்பழுப்பு வரும் ஆந்தையிலயும் வரும். இத மட்டும் ஞாபகப்படுத்தி சொல்லுங்க: கிளைய நெடுக்கா படுத்த மாதிரி இருந்துச்சா, இல்ல கிளைக்கு குறுக்கா நிமிந்து உக்காந்துச்சா? தலைய தூக்கினப்ப வாய் எப்படி தெரிஞ்சுது, முகத்துல பாதி வாயாவே இருந்துச்சா? மூக்குக்கு மேல முடி மாதிரி எதாவது நீட்டிக்கிட்டு இருந்துச்சா? வாச்சர் அண்ணன் ஏதாச்சும் பேர் சொன்னாரா?

காட்டுப்பாதை
நிமிந்துதாண்ணா உக்காந்துச்சு, நிச்சயமா. தலைய தூக்கினப்ப அலகு வானத்த பாத்து நின்னுச்சு, பக்கவாட்டுல பாக்கறப்ப அலகு ரொம்ப அகலமா முனையில கொக்கி மாதிரி வளைஞ்சு இருந்துச்சு, கண்ணுக்கு அடியில வரைக்கும் வாய்க்கோடு ஓடுது. அலகோட அடியில இருந்து மயிர் மாதிரி நெறய நீட்டிக்கிட்டு இருந்துச்சு, அதுதான் மொகத்த மங்கலாக்கி காட்டுச்சுன்னு நெனைக்கிறேன். வாச்சர் அண்ணன் மலையாளத்துல மாக்காச்சிக்காடைன்னு சொன்னாரு.

மலைமுகடு
அப்ப முடிஞ்சுது. இலங்கைத் தவளைவாயன் (Sri Lanka Frogmouth), பெண். வாச்சர் அண்ணன் சொன்னதும் அதேதான், கேரளாவுல அதுக்கு அதுதான் பேரு.

ஏன்னு விவரமா சொல்றேன், நாளைக்கு வேற யாராவது இதே கேள்வியோட வந்தாலும் உதவும். பக்கிக்குருவி தரையில உக்காரும், இல்ல கிளை மேல நெடுக்கா ஒட்டிப் படுத்துக்கும், அலகு பாத்தா சின்னூண்டா இருக்கும், வாய தெறந்தாத்தான் எவ்ளோ பெருசுன்னு தெரியும். ராத்திரி காட்டு ரோட்டுல வண்டி லைட்டுல செவப்பா கண்ணு மின்னி கடைசி நிமிஷத்துல எழும்பிப் பறக்குமே, அது பக்கி. தவளைவாயன் அப்படி ரோட்டுல வந்து உக்காந்துக்கிட்டு இருக்கிற பறவை இல்ல, கிளையில நிமிந்து உக்காரும், தொந்தரவு வந்துச்சுன்னா பறந்து போறதுக்குப் பதிலா தலைய மெதுவா மேல தூக்கி ஒடிஞ்ச கிளைமுனையா மாறிரும். நீங்க பாத்தது அந்த அசைவுதான். அந்த மெதுவா தூக்கறதுதான் எனக்கு முதல்லயே சந்தேகத்த கெளப்புச்சு.

நிலவொளி சொன்ன ஆந்தைய தள்ளி வைக்கிறதுக்கு மொகம் போதும். ஸ்காப்ஸ் ஆந்தைக்கு மொகத்துல வட்டத் தட்டு இருக்கும், அத சுத்தி ஒரு விளிம்புக் கோடு இருக்கும், அலகு சின்னதா மொகத்துக்குள்ள பொதிஞ்சு கீழ பாத்து வளைஞ்சிருக்கும், காலு பிடிக்கிறதுக்குன்னே இருக்கிற காலு, நல்ல நகம். தவளைவாயனுக்கு காலு சின்னது, பலமில்லாதது, கிளைய பிடிச்சு உக்கார்றதுக்குத்தான், பூச்சிய பிடிக்கிறது எல்லாம் அந்த அகல வாய்தான். ரெண்டுக்கும் கண்ணு முன்னாடி பாத்து இருக்கும், அதனாலதான் நேரா பாத்தா ஆந்தைன்னே தோணும். பக்கவாட்டுல ஒரு படம் கெடைச்சா சண்டையே வராது.

ஆண் சாம்பல் கலந்த பழுப்பு, உடம்பு முழுக்க கோடும் புள்ளியுமா கலைஞ்ச மாதிரி இருக்கும். பெண்தான் ஒரே சீரான செம்பழுப்பு, தோள்லயும் மார்லயும் அங்கங்க வெள்ளைப் புள்ளி மட்டும். தென்னிந்தியாவுல தவளைவாயன்னா இந்த ஒரு இனம்தான், இன்னொன்னு ஹாட்ஜ்சன் தவளைவாயன், அது வடகிழக்குல இருக்கு. அதனால தவளைவாயன் வரைக்கும் வந்துட்டீங்கன்னா மிச்சத்த இடமே சொல்லிரும்.

சோலைமந்தி
அண்ணா படத்த வச்சு சொன்னதுல எனக்கு மறுப்பு இல்ல. ஆனா குரல் விஷயத்துல ஒண்ணு கேக்கறேன். பாத்த எடமும் குரல் வந்த எடமும் ஒண்ணேதான்னு எப்படி முடிவு பண்றது? இருட்டினப்புறம் கேட்டிருக்காரு, கொஞ்சம் தள்ளி வந்தப்புறம் கேட்டிருக்காரு. அதே புதர்ல ஒரு ஆந்தையோ பக்கியோ இருக்கக் கூடாதா? பாத்தத வச்சு கேட்டதுக்கு பேர் வைக்கிறது, கேட்டத வச்சு பாத்ததுக்கு பேர் வைக்கிறது ரெண்டுமே தப்பான பதிவுலதான் கொண்டு போய் விடும். ரெண்டையும் தனித்தனியா நிரூபிக்கணும்.

மலைமுகடு
ரொம்ப சரியான பேச்சு. இதத்தான் எல்லாரும் செய்யணும். குரல தனியா எடுத்துப் பாப்போம், சத்தக்காரங்க யாராவது அந்த ரெக்கார்டிங்க கேளுங்க.

இரவுஒலி
ஹெட்போன் போட்டு திரும்பத் திரும்ப கேட்டேன். நான் காட்டுச் சத்தம் பதிவு பண்றவன், அதனால மத்ததெல்லாம் ஏன் இல்லன்னு மொதல்ல சொல்லிட்டு வர்றேன்.

இந்தியப் பக்கி இல்ல. அதோட குரல் ஒரு தடவ கேட்டா மறக்காது, பிங்பாங் பந்து கல்தரையில துள்ளித் துள்ளி அடங்குமே அப்படி, சக் சக் சக்னு இடைவெளி குறைஞ்சுக்கிட்டே போய் ர்ர்ர்னு முடியும். அது வெட்டவெளி, புதர்க்காடு, வயக்காட்டு ஓரத்துப் பறவையும்கூட. காட்டுப் பக்கி தக்கூ தக்கூ தக்கூன்னு ஒரே தாளத்துல விடாம அடிச்சுக்கிட்டே இருக்கும், குரல் எறங்கறதே கெடையாது. ஜெர்டன் பக்கி ச்-வூ-வூன்னு திரவமா நடுங்கும். பெரிய காதுப்பக்கின்னு ஒண்ணு இருக்கு, காதுல கொம்பு மாதிரி இறகு வச்சுக்கிட்டு, நாப்பது செ.மீ. வரைக்கும் போற பெரிய பறவை, அதோடது ஒரு கூர்மையான சின்ன சத்தம், ஒரு இடைவெளி, அப்புறம் நீளமான விசில், உயர பறந்துக்கிட்டே கூப்பிடும். இந்த ரெக்கார்டிங்ல விசிலே இல்ல.

ஆந்தைக்கு வருவோம். இந்திய ஸ்காப்ஸ் ஆந்தை கேள்வி கேக்கற மாதிரி மெலிசா வுக்? வுக்?னு ஒத்தையா கூப்பிடும், நடுவுல நல்ல இடைவெளி இருக்கும், தவளைன்னு நெனச்சு விட்டுருவோம். ஓரியன்டல் ஸ்காப்ஸ் மூணு அசையா தாளத்தோட கூப்பிடும், மணிக்கணக்கா அதே தாளம் மாறாது. பழுப்பு வேட்டை ஆந்தை கூ-உக் கூ-உக்னு சுத்தமான ஊதல். இது எதுலயும் இப்படி எறங்கற அலறல் இல்ல.

இந்த ரெக்கார்டிங்ல இருக்கறது ஒரு பெரிய கரகரத்த அலறல், மேல இருந்து கீழ வழுக்கி எறங்குது, முடிவுல விக்கல் விக்கலா வெட்டுது. தவளைவாயன்ல பெண்ணோட குரல் இப்படித்தான் இருக்கும். அதவிட முக்கியம், பதிவு முடியறதுக்கு கொஞ்சம் முன்னாடி இன்னொன்னு இருக்கு, யாரும் கவனிக்கல போல: ஸ்குவார் ஸ்குவார் ஸ்குவார்னு வேகமா அடுக்கடுக்கா, வேற திசையில இருந்து, சத்தம் கம்மியா. அது ஜோடியில இன்னொன்னு, ஆணா இருக்க ரொம்ப வாய்ப்பு. ஒத்தக் குரல வச்சு நான் தயங்குவேன், ரெண்டு குரல் மாறி மாறி வந்துச்சுன்னா தயங்க மாட்டேன். நேரமும் பொருந்துது, அந்தி மயங்கற நேரமும் விடியறதுக்கு முந்தின நேரமும்தான் இது அதிகமா கூப்பிடற நேரம்.

சோலைமந்தி
சரிங்க, இப்ப எனக்கு திருப்தி. ரெண்டும் தனித்தனியா ஒரே பறவையில வந்து நிக்குது. அந்த ரெண்டாவது குரல நான் கேட்டேன் இப்ப, ரொம்ப அடியில இருக்கு ஆனா இருக்கு.

மழைவனத்தான்
நான் இலங்கையில இருந்து எழுதுறன், சிங்கராஜா காட்டுப் பக்கம் அடிக்கடி போறனான். இங்க இந்தப் பறவை ஈரக்காட்டில மட்டுமில்ல, கொஞ்சம் வறண்ட காட்டு ஓரங்களிலயும் இருக்குது, கீழ அடர்ந்த புதர் இருந்தாப் போதும் எண்டுதான் நான் விளங்கிக்கொண்டனான். எங்கட ஆக்களும் முதலில ஆந்தை எண்டுதான் சொல்லுவினம்.

குரலையும் உருவத்தையும் தனித்தனியாப் பாக்க வேணும் எண்டு மேல ஒரு அண்ணை எழுதினார், அதுக்கு எங்கட நாட்டிலேயே பெரிய உதாரணம் ஒண்டு இருக்குது. செரண்டிப் ஸ்காப்ஸ் ஆந்தை. தீபால் வரகாகொட எண்டவர் 1995இல கித்துல்கல காட்டில தெரியாத ஒரு குரலைக் கேட்டார், அது அங்க இருக்கிற எந்த ஆந்தையோடயும் பொருந்தேல்ல. பறவையைக் கண்ணால கண்டது 2001இல, சிங்கராஜாவில. 2004இல புது இனம் எண்டு விவரிச்சு வெளியிட்டினம். அதுவும் செம்பழுப்புத்தான், காதுக்கொம்பு இல்ல, 17 செ.மீ. அளவு. அந்தக் குரலை ஏதோ தெரிஞ்ச பறவை எண்டு எழுதி வச்சிருந்தா இன்னும் எத்தனை வருசம் போயிருக்குமோ தெரியாது. அதனால பொருந்தாத குரலைப் பொருந்தாத குரல் எண்டே எழுதி வையுங்கோ, பிறகு ஆராவது வந்து பாப்பினம்.

காட்டுப்பாதை
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், இவ்ளோ விவரம் வரும்னு எதிர்பாக்கல. மழைவனத்தான் அண்ணா சொன்ன ஆந்தைக் கதை எனக்கு புதுசு.

ஒரு கூடுதல் செய்தி. வாச்சர் அண்ணன் மறுபடி ரோந்து போனப்ப தூரத்துல இருந்தே பாத்திருக்காரு, அதே கிளையில இப்ப ரெண்டு இருக்காம், ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, ஒண்ணு செவப்பு இன்னொன்னு சாம்பல். அவரு சொல்றாரு மாசக்கணக்கா அதே கிளைதானாம், அவருக்கு ரொம்ப நாளாவே தெரியுமாம், யாரும் கேக்கலன்னு சொல்லலையாம். ஒரே கிளையில இவ்ளோ நாள் இருக்குமாங்க?

மலைமுகடு
இருக்கும். பகல்ல தங்கற கிளைய அவ்ளோ சீக்கிரம் மாத்தாது, பல மாசம் அதே எடம். ஜோடியா ஒட்டி உக்காந்தா கூட்டு இலைச்சருகா தெரியும், இன்னும் கண்டுபிடிக்க கஷ்டம். கேரளாவுல தட்டேக்காட்ல இத்தன பேர் இந்தப் பறவைய பகல்லயே பாத்துட்டு வர்றாங்கன்னா அதுக்கு காரணமும் இதுதான், அங்க இருக்கிற வழிகாட்டிங்களுக்கு எந்தக் கிளைன்னு தெரியும். 1983ல சரணாலயம் ஆனது அது, பறவை ஆய்வாளர் சாலிம் அலி பேர் வச்சிருக்காங்க. அவர் 1933ல திருவிதாங்கூர் கணக்கெடுப்புக்கு வந்தப்பவே அந்தக் காட்டப் பத்தி ரொம்ப உயர்வா எழுதினவரு.

உங்க வாச்சர் அண்ணன் மாதிரி ஆளுங்களுக்கு தெரிஞ்சதுல கால்வாசி கூட நம்ம பதிவுகள்ல இல்ல. அவர் பேர் போட்டு நன்றி சொல்லணும்னா அவர்கிட்ட கேட்டுட்டு போடுங்க, சில பேருக்கு அது வேலையில சங்கடமாயிரும்.

அதே கிளைன்னு தெரிஞ்சதுல ஒரு ஆபத்தும் இருக்கு. கிளை ஒருத்தருக்கு தெரிஞ்சா பத்து பேருக்கு தெரியும், பத்து பேர் வந்தா அந்தப் புதர்ல கீழ இருக்கிற ஈத்தையெல்லாம் மிதிபட்டு வெளிச்சமாயிரும், அப்புறம் பறவை எடத்த விட்டுட்டு போயிரும். போட்டோவுக்காக நடுவுல இருக்கிற இலைய ஒடிக்கிறவங்கள நான் பாத்திருக்கேன், அந்த இலைதான் அதுக்கு கூரையே.

பச்சைத்தூரிகை
நான் ரெண்டு வருஷமாத்தான் பறவை பாக்குறேன், ஒரு சந்தேகம். பொண்ணு குரல் இவ்ளோ தெளிவா தெரியுதுன்னா போன்ல அத போட்டுவிட்டா பதில் குடுக்கும்ல? இருக்கா இல்லையான்னு ஒடனே தெரிஞ்சிருமே. கணக்கெடுப்புல அப்படி பண்றாங்கன்னு கேள்விப்பட்டேன்.

இரவுஒலி
கணக்கெடுப்புல பண்றது உண்மை, அது அனுமதியோட, எங்க எவ்ளோ நேரம் எத்தன தடவன்னு முன்னாடியே முடிவு பண்ணி, பதில் வந்த ஒடனே நிறுத்திட்டு நகர்ந்து போறது. நம்ம பண்றது அப்படி இல்லல்ல, பதில் வந்தா இன்னும் கிட்ட வருதான்னு திரும்ப போடுவோம், படம் சரியா வரலன்னு இன்னொரு தடவ போடுவோம். அதுக்கு தன் எடத்துல வேற ஜோடி பூந்துருச்சுன்னு அர்த்தம், இரை தேடறத விட்டுட்டு வந்து காவல் நிக்கும். அதுவும் தென்னிந்தியாவுல இதோட இனப்பெருக்க காலம் ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும், நம்ம எல்லாரும் காட்டுக்கு போறதும் அந்த மாசங்கள்லதான். தயவுசெஞ்சு போடாதீங்க. சும்மா உக்காந்து காது குடுத்தா அந்தில அதுவே கூப்பிடும்.

மலைமுகடு
இதோட கூட்டப் பத்தி தெரிஞ்சா ஏன் இவ்ளோ சொல்றோம்னு புரியும் பச்சைத்தூரிகை. கூடுன்னா கிண்ணம் மாதிரி பெருசா ஒண்ணும் இல்ல, கிளைக் கவட்டையில உள்ளங்கையில பாதிகூட இல்லாத ஒரு சின்ன மெத்தை, பாசியும் தன்னோட மெல்லிறகும் வச்சு பண்ணி, வெளிப்பக்கம் மரப்பாசியும் பட்டையும் ஒட்டி கிளையோட கிளையா ஆக்கிரும். ஒரே ஒரு முட்டை, வெள்ளை. பகல் முழுக்க ஆண் அடைகாக்கும், சாம்பல் நிறம் கிளையோட ஒத்துப்போறதால அதுக்கு அது பொருத்தம்னு எனக்கு எப்பவும் தோணும். அந்த ஒத்த முட்டை மேல உக்காந்திருக்கறத ஒருத்தர் டார்ச் அடிச்சோ குரல் போட்டோ எழுப்பிவிட்டா அந்த வருஷத்துக்கு அந்த ஜோடிக்கு அவ்ளோதான். குஞ்சு பறந்து போனப்புறம் ஆண் அந்தக் கூட்ட பிச்சு அழிச்சுப் போட்டத பாத்து பதிவு பண்ணிருக்காங்க. ஆனா அடுத்த வருஷம் அதே கிளைக்கே திரும்ப வரவும் செய்யும்.

அனுமதி விஷயமும் சேத்து சொல்லிர்றேன். 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டம் இதுக்கும் உண்டு, புலிகள் காப்பகத்துக்குள்ள ராத்திரி நம்ம இஷ்டத்துக்கு நடக்க முடியாது, கூடவும் கூடாது, யானை இருக்கிற காடு. குரல் கேக்கறதுக்கு காட்டுக்குள்ள போக வேண்டிய அவசியமே இல்ல, காட்ட ஒட்டின குடியிருப்பு, தங்கும் விடுதி வாசல், செக்போஸ்ட் பக்கம் இங்கயே கேக்கலாம்.

பச்சைத்தூரிகை
சரிங்கண்ணா, புரிஞ்சுது, போட மாட்டேன்.

நிலவொளி
எனக்கு ஒண்ணு மட்டும் இன்னும் ஒறுத்துது. பக்கவாட்டு படம் கெடைக்காம, நேரா மொகம் மட்டும், அதுவும் பாதி மறைஞ்சு, குரலும் இல்லன்னா என்ன பண்றது? நமக்கு பெரும்பாலும் கெடைக்கிறது அதுதானே.

மலைமுகடு
அப்ப மொகத்துல மூணு எடம் பாருங்க. ஒண்ணு, அலகு எங்க முடியுது. ஆந்தைக்கு அலகு ரெண்டு கண்ணுக்கு நடுவுல தொங்கும், தவளைவாயனுக்கு வாயோட கோடு கண்ணுக்கு அடியிலயே போய் முடியும், மொகமே அகலமா தட்டையா தெரியும். அப்புறம் அந்த மயிர் இறகு, அலகோட அடியில இருந்து முன்னாடியும் பக்கவாட்டுலயும் நீட்டிக்கிட்டு இருக்கும், ஆந்தைக்கு அங்க மெத்துன்னு இருக்குமே தவிர இப்படி தனித்தனியா சிலிர்த்து நிக்காது. மூணாவது மொகத்த சுத்தி இருக்கிற விளிம்புக் கோடு, அது இருந்தா ஆந்தை. தவளைவாயனுக்கு உடம்போட ஒப்பிட்டா தலை ரொம்ப பெருசா இருக்கும், அதையும் பாருங்க. இது எதுவுமே தெரியலன்னா "தவளைவாயன் அல்லது சின்ன ஆந்தை"ன்னு எழுதிட்டு விட்டுருங்க. அடையாளம் தெரியாத பதிவு ஒரு நல்ல பதிவு, தப்பா பேர் வச்ச பதிவு அடுத்து வர்றவங்க எல்லாரையும் கெடுக்கும்.

காட்டுப்பாதை
ஈபேர்ட்ல (பறவைப் பதிவு போடற தளம்) போடப் போறேன். குரல வச்சு பறவைய சொல்ற மெர்லின் ஆப்புல இந்த ரெக்கார்டிங்க ஓட விட்டேன், ஒண்ணுமே காட்டல. அதனால பதிவ சந்தேகமா எடுத்துப்பாங்களா? எப்படி எழுதறது?

இரவுஒலி
ஆப்பு காட்டலன்னா பறவை இல்லன்னு அர்த்தம் இல்ல, சில்வண்டு இரைச்சல் அவ்ளோ இருக்கிற பதிவுல எந்த ஆப்பும் திணறும். அதே மாதிரி ஆப்பு காட்டிருச்சுங்கறது மட்டும் ஆதாரமும் ஆகாது. ஜீனோ-கான்டோங்கற பறவைக்குரல் தளத்துல இந்த இனத்தோட பதிவுங்க இருக்கு, அத வீட்டுல வச்சு கேட்டு ஒப்பிடுங்க.

பதிவ ரெண்டா பிரிச்சு எழுதுங்க. கண்ணால பாத்தது: ஒண்ணு, பெண், நிமிந்த நிலை, அகல அலகு, மயிர் இறகு, விளிம்பு இல்லாத மொகம், பக்கவாட்டு படம் இணைச்சிருக்கு. காதால கேட்டது: அந்திக்குப் பின்னாடி, எறங்கற கரகர அலறல் முடிவுல விக்கல், வேற திசையில இருந்து அடுக்குக் குரல். கேட்டதும் பாத்ததும் ஒரே பறவைதான்னு எழுத வேணாம், பக்கத்துல இருந்துன்னு மட்டும் எழுதுங்க. வாச்சர் பாத்த ஜோடிய உங்க எண்ணிக்கையில சேக்காதீங்க, குறிப்புல தனியா போடுங்க. ரெக்கார்டிங்க வெட்டி சுத்தப்படுத்தாம முழுசா ஏத்துங்க, சில்வண்டோட சேத்து, முன்னாடி பின்னாடி அமைதியும் வேணும். எடத்த மட்டும் அந்தப் புதர் மேல குறிக்காம ரேஞ்ச் (வனச்சரகம்) பேர்ல பொதுவா போட்டுருங்க.

காட்டுப்பாதை
அப்படியே எழுதி ஏத்திட்டேங்க, லிங்க் கீழ போட்டிருக்கேன். வாச்சர் அண்ணன்கிட்ட கேட்டேன், பேர் வேணாம்னுட்டாரு, "காட்டினது வாச்சர்"னு மட்டும் போட்டிருக்கேன்.